பார்த்த படமும் கேட்ட கேள்வியும்

(விமர்சகர்கள் அல்ல, டிக்கெட் எடுத்துப் படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் பதில் சொல்லும் பகுதி இது. இந்த இதழில் பதில் சொல்பவர், மதுரை புதுமண்டபத்தில் அப்பா காலத்திலிருந்து தையல் மிஷின் போட்டிருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் கடை வைத்திருப்பவர்.)

அண்ணே, கடையையும் பார்த்துக்கிட்டு படமும் பார்க்க உங்களுக்கு எப்படி நேரம் கிடைக்குது?
— வாசகி, சோழவந்தான்

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் மிஷினை மூடுவோம் தங்கச்சி. அதனால் எனக்கு வாய்ப்பது செகண்ட் ஷோ. சித்திரையில் அதுவும் கிடையாது. அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்குச் சல்லடம், கச்சை, உருமா எல்லாம் தைத்துக் கொடுத்தாக வேண்டும். திருவிழா முடிந்து கை ஓய்ந்ததும் விட்டுப்போன படங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிடுவேன்.

மதுரை என்றாலே சினிமாவில் அருவாள்தான். உங்களுக்குக் கோபம் வருவதில்லையா?
— வாசகர், திருமங்கலம்

வருகிறது. ‘கில்லி’யை 2024 ஏப்ரலில் மறுபடி போட்டார்கள். இருபது வருடத்துப் படத்துக்குப் பிறக்காத பிள்ளைகளெல்லாம் வந்து ஆடினார்கள். முத்துப்பாண்டி வரும்போது நானும் கைதட்டினேன். பிரகாஷ்ராஜ் நடிப்பு அப்படி. ஆனால் அந்தக் கதை தெலுங்கில் 2003-ல் வந்த ‘ஒக்கடு’. அங்கே அந்த ஆள் இருந்தது கர்னூலில். ராயலசீமாவின் கோஷ்டிப் பகையை வைத்து எழுதின ஒரு மனிதனை, தமிழில் எடுக்கும்போது அப்படியே கொண்டுவந்து மீனாட்சியம்மன் கோயில் வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஊரை மாற்றினார்கள், ஆளை மாற்றவில்லை. அதற்கப்புறம் எத்தனை படத்தில் நம்ம ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டு சுமோவில் வந்து இறங்கினார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

என் தங்கச்சி மகன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தபோது, ரூமில் இருந்த பையன்கள் முதலில் கேட்டது, “மதுரையா? பெட்டியில அருவா இருக்கா?” என்றுதான். அவன் சிரித்துவிட்டு வந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே வெட்டு குத்து நடந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. விடியுமுன்னே மாட்டுத்தாவணியில் பூ மூட்டையோடு நிற்கிற பெண்கள், வெயிலில் டவுன்ஹால் ரோட்டில் துணி மூட்டை இழுக்கிறவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் இட்லி விற்கிற அம்மாக்கள், இவர்களுக்கும் ஒரு கதை இருக்கும் அல்லவா? அதை எடுக்க ஏன் இத்தனை வருடம் ஆனது என்பதுதான் என் கோபம்.

‘கொட்டுக்காளி’ பார்த்தோம். பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, முடிவும் இல்லை. காசு வீண் என்கிறார் என் வீட்டுக்காரர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— வாசகி, மேலூர்

உங்கள் வீட்டுக்காரர் தனியாள் இல்லை அம்மா. 2024 ஆகஸ்டில் வந்த படம் அது. ‘விடுதலை’யும் ‘கருடன்’னும் பார்த்துவிட்டு, நம்ம ராஜாக்கூர்ச் சூரி படமாயிற்றே, சண்டை எப்போது வரும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் நிறைய. நான் பார்த்த அன்றைக்கும் பாதியில் சிலர் எழுந்து போனார்கள்.

எனக்கோ சமீபத்தில் பார்த்ததிலேயே பெரிய படம் அதுதான். கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். பேய் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பாண்டியும் குடும்பமும் ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலுமாகச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். பலி கொடுக்க ஒரு சேவலும் கூடவே வருகிறது.

நடுவில் ஓர் இடம். வழியில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடுகிறது. மீனா அதை வாய்க்குள் முணுமுணுக்கிறாள். படம் முழுக்க வாய் திறக்காத பெண், அந்தப் பாட்டைத் தன்னையறியாமல் கூடச் சேர்ந்து பாடிவிடுகிறாள். பாண்டி பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான், அடி. அவளை மட்டுமா? விலக்க வந்த பெண்கள் எல்லோருக்கும் விழுகிறது. அந்தப் பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறான், பேச்சே சரியாக வரவில்லை. பேச்சு வராதவனுக்குக் கை மட்டும் தடையில்லாமல் வருகிறது. அடித்து முடிந்ததும் எல்லோரும் மறுபடி ஆட்டோவில் ஏறிக்கொள்கிறார்கள். பயணம் நிற்கவில்லை. எங்கள் சொந்தத்திலேயே கல்யாண வீட்டில் இப்படி ஒரு பெண்ணை அடித்துப் பார்த்திருக்கிறேன். அரைமணி நேரத்தில் பந்தி போட்டார்கள், எல்லோரும் சாப்பிட்டோம். படத்தில் அந்த ஆட்டோ கிளம்பியபோது எனக்கு அந்தப் பந்திதான் நெஞ்சில் வந்து நின்றது.

இசை இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு வயலின் வந்து, இங்கே அழு என்று சொல்லியிருக்கும். நாமும் அழுதுவிட்டு லேசாகியிருப்போம். இங்கே ஆட்டோ இரைச்சலும் சேவல் சிறகடிப்பும் பைக் சத்தமும்தான். தப்பிக்க வழியில்லை. இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள்: மீனா உள்ளே உட்கார்ந்திருக்க, ஆட்டோவை ஆம்பளைகள் அப்படியே தூக்கித் திருப்பி வைப்பார்கள். அவளைக் கேட்காமல் அவள் வாழ்க்கையைத் திருப்புகிறார்கள் என்பதற்கு வேறு வசனம் எதற்கு? அதே வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கும்போது, இத்தனை மீசைக்காரர்களாலும் முடியாததை ஒரு சின்னப் பிள்ளை வந்து செய்துவிட்டுப் போகும்.

முடிவைப் பற்றி. சாமியாடி தனக்கு முன்னால் இருக்கிற பெண்ணை எப்படித் தொடுகிறார் என்று பாண்டி பார்க்கிறான். அடுத்து மீனாவின் முறை. அவன் என்ன செய்யப் போகிறான் என்பதை இயக்குநர் வினோத்ராஜ் சொல்லவில்லை. அவரும் மதுரைக்காரர்தான், நம்ம ஆம்பளைகளிடம் அந்த இடத்தில் கேள்வியைக் கொடுத்துவிட்டார். உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அந்த இடத்தில் அவர் இருந்தால் ஆட்டோவைத் திருப்பியிருப்பாரா? அவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் டிக்கெட் காசு வீண் இல்லை.

‘மெய்யழகன்’ படத்தை ஏன் எல்லோரும் கொண்டாடுகிறார்கள்? இரண்டு பேர் விடிய விடியப் பேசுவதில் என்ன இருக்கிறது?
— வாசகர், திருப்பரங்குன்றம்

நம்ம வீட்டுக் கல்யாணங்களில் ஒருத்தர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “மாப்ளே, என்னைய யாருன்னு தெரியுதா?” என்பார். தெரியாது. தெரியாது என்று சொல்லவும் முடியாது. சிரித்துக்கொண்டே நிற்போம். அந்தச் சங்கடத்தை வைத்து ஒரு முழுப் படம் எடுக்க முடியும் என்று பிரேம்குமார் நினைத்தாரே, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டு வந்த அருள்மொழி, 22 வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் போகிறார். ‘அத்தான் அத்தான்’ என்று ஒருத்தன் ஒட்டிக்கொள்கிறான். அவன் பேர் கடைசி வரை ஞாபகம் வரவில்லை. வெட்கப்பட்டுச் சொல்லாமலே ஓடிவிடுகிறார். அரவிந்த்சாமி அந்தக் கூச்சத்தை முகத்திலேயே வைத்திருந்தார்.

மேடையில் அவர் தங்கைக்கு நகை போட்டுவிடுகிற இடத்தில் என் சம்சாரம் முந்தானையை எடுத்தவள், கீழே வைக்கவே இல்லை. வீட்டைப் பிரிந்து போன உறவு, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் அங்கே ஒட்டிக்கொள்கிறது. சொத்துக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற குடும்பங்கள் நம்ம பக்கமும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அதனால்தான் அந்தக் கொண்டாட்டம்.

வந்த சில நாளிலேயே நீளம் என்று சொல்லி 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். நான் முழுசையும் பார்த்தேன், வெட்டியதையும் பார்த்தேன். வரலாறு, வீரம் என்று பேசுகிற இடங்கள் கொஞ்சம் இழுத்தது உண்மை. ஆனாலும் வெட்டியிருக்க வேண்டாம். கட்டம் போட்ட துணியில் நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு இணைத்துப் பாருங்கள். தையல் நன்றாகவே இருக்கும், கட்டம் சேராது. அந்த இரண்டு பேரும் வளவளவென்று பேசினால்தான் விடியும்போது அருளுக்கு வருகிற தவிப்பு நமக்கும் வரும்.

‘லப்பர் பந்து’ கிரிக்கெட் படமா, குடும்பப் படமா? கிரிக்கெட் தெரியாத நான் பார்க்கலாமா?
— வாசகி, உசிலம்பட்டி

தாராளமாகப் பாருங்கள். ‘கெத்து’ என்று பேர் எடுத்த மாமனாருக்கும், அவர் பொண்ணை விரும்புகிற பையனுக்கும் மைதானத்தில் வருகிற ரோஷம்தான் கதை. ஊர் டீமில் யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளி நிறுத்துவது என்பதில் சாதி எப்படிச் சத்தமில்லாமல் வேலை செய்கிறது என்பதை, ஒருத்தரையும் மேடையேற்றிப் பேசவிடாமல் காட்டியிருக்கிறார் தமிழரசன் பச்சமுத்து. கெத்தின் மனைவியாக வரும் சுவாசிகா டிராக்டரை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. அதற்காகவே நீங்கள் பார்க்க வேண்டும்.

மதுரையில் அந்தப் படம் பார்த்ததற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 1989-ல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு, ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’, கெத்து இறங்கும்போதெல்லாம் வரும். நம்ம கேப்டன் விஜயகாந்த் 2023 டிசம்பர் 28 அன்று போய்ச் சேர்ந்தார். ஒன்பது மாதம்கூட ஆகாமல் அந்தப் பாட்டு தியேட்டரில் கேட்டதும் ஐம்பது வயசு ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நானும் நின்றேன். பின்னால் இருந்தவர் ஒருத்தரும் உட்காரச் சொல்லவில்லை.

தையல்காரர் கண்ணுக்கு எந்தப் படத்தில் உடை சரியாக இருந்தது? எதில் பிசகியது? நான் தையல் படிக்கிறேன் அண்ணா.
— வாசகி, வாடிப்பட்டி

படிக்கிற பிள்ளை கேட்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். சரியாக இருந்ததற்கு நான் எப்போதும் சொல்வது 2008-ல் சசிகுமார் எடுத்த ‘சுப்பிரமணியபுரம்’. 1980-ல் நடக்கிற கதை. முழங்காலில் பிடித்துப் பாதத்தில் விரிகிற பேன்ட், நீளமான காலர், உடம்போடு ஒட்டின சட்டை. எங்கள் புதுமண்டபத்தில் அந்தக் கட்டிங் போட்ட மாஸ்டர்கள் அப்போது இருந்தார்கள். “நம்ம போட்ட காலர்டா” என்று பேசிக்கொண்டார்கள். முக்கியமானது காலர் இல்லை, எல்லோருக்கும் அளவு ஒரே மாதிரி கச்சிதமாக இல்லாததுதான். அந்தக் காலத்தில் ஒருத்தன் தீபாவளிக்குத் தைத்த சட்டையை அடுத்த தீபாவளி வரைக்கும் போடுவான். அவன் பெருத்திருப்பான், சட்டை பெருக்காது.

பிசகுவது எங்கே என்றால், கூலி வேலைக்குப் போகிற அம்மா பாத்திரங்களில். லைனிங் கொடுத்து, முதுகில் கயிறு வைத்த ரவிக்கையைப் போட்டுவிட்டு, கன்னத்தில் கொஞ்சம் கரியைப் பூசிவிடுகிறார்கள். காட்டு வேலைக்குப் போகிற நம்ம பெண்கள் சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளை சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் போவார்கள். ரவிக்கை முதலில் நைந்துபோவது கைக்குழியில். அங்கேதான் ஒட்டுப் போடச் சொல்லிக் கொண்டுவருவார்கள். இந்த இரண்டையும் தெரிந்த ஆள் படத்தில் வேலை செய்தால் முதல் காட்சியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். மாரி செல்வராஜின் ‘வாழை’ பார்க்கும்போது, தார் சுமக்கிறவர்களின் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழைக் கறை பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. உடுப்பு உழைத்த உடுப்பாக இருந்தது.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படம். நம்ம ஊரில் ஏன் அவ்வளவு கூட்டம்?
— வாசகர், அலங்காநல்லூர்

கொடைக்கானல் நம்ம மலை இல்லையா தம்பி? கல்யாணமான புதிதில் எல்லோரும் போய்வந்த இடம். குணா குகைக் கம்பிவேலி முன்னால் நின்று போட்டோ எடுக்காத ஆள் மதுரையில் குறைவு. அந்தக் கம்பிக்குள் ஒருத்தன் விழுந்து, கூட வந்தவன் கயிற்றில் இறங்கித் தூக்கி வந்தான், 2006-ல் உண்மையாகவே நடந்தது என்றால் யார் பார்க்காமல் இருப்பார்? மேலே வரும்போது 1991 ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு’ பாட்டு. காதல் பாட்டாகவே கேட்டுப் பழகின நமக்கு, சிநேகிதனுக்கும் அது பொருந்தும் என்று காட்டினார் சிதம்பரம். குகையின் உள்புறத்தைக் கேரளத்தில் செட் போட்டு எடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தபோது நம்பவே முடியவில்லை. பாசியின் ஈரம்கூட அப்படி இருந்தது.

உதவி கேட்டு வந்த பையன்களை நம்ம ஊர் போலீஸ் அடிப்பதாகக் காட்டியதில் சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. பயந்துபோய் வந்தவனைச் சந்தேகப்படுவது எந்த ஊரிலும் நடக்கிறதுதானே.

‘மகாராஜா’வுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?
— வாசகி, வில்லாபுரம்

வேண்டாம். நித்திலன் கதையை முன்னும் பின்னுமாகப் பின்னியிருக்கிற விதம் அபாரம், விஜய் சேதுபதிக்கு 50-வது படத்தில் அவருக்கு ஏற்ற பாத்திரம். சலூன் கடைக்காரர் அடங்கி ஒடுங்கி நிற்கும் நிற்பே ஆயிரம் சொல்லும். ஆனால் நான் பெண் பிள்ளை பெற்றவன். கடைசி அரைமணி நேரம் நெஞ்சு அடைத்துக்கொண்டது. வளர்ந்த பிள்ளைகளோடு பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள்; சின்னதுகளை வீட்டில் விட்டுவிடுங்கள்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் எல்லோருமே நல்லவர்கள். இது நடக்குமா?
— வாசகர், கருமாத்தூர்

இலங்கையில் பிழைக்க வழியில்லாமல் கடல் தாண்டி வந்த குடும்பம், பயந்து பயந்து ஒரு தெருவில் குடிவருகிறது. பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாத அந்தத் தெரு, ஒரு சாவுக்கு ஒன்றுசேர்கிறது. இது நடக்கும். நம்ம ஊரில் ஒரு பந்தலைப் போட்டுப் பாருங்கள், பேசாதவனும் நாற்காலி தூக்கி வருவான். சசிகுமார் கத்தி பிடிக்காமல் சமைத்துக்கொண்டும் கார் ஓட்டிக்கொண்டும் இருப்பதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. அபிஷன் ஜீவிந்த் என்ற சின்னப் பையனின் முதல் படம் என்கிறார்கள். நன்றாக வரட்டும்.

தங்கம் தியேட்டரில் பார்த்த கூட்டத்தை இனி எங்காவது பார்க்க முடியுமா? நான் 78 வயதுக்காரன்.
— வாசகர், தெற்குவாசல்

முடியாது அய்யா. 1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்தது, ஒரே திரைக்கு 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். என் அப்பா அங்கே தரை டிக்கெட்டில் பார்த்த படங்களைத் தேதியோடு சொல்வார். இப்போது ஒரு திரைக்கு 200, 300 நாற்காலிதான். ஆனால் நான் மேலே சொன்ன ‘லப்பர் பந்து’ பாட்டுக்கு எழுந்து நின்ற கூட்டம் சின்னதுதான், சத்தம் சின்னது இல்லை. ஒருநாள் உங்கள் பேரப்பிள்ளையோடு மேட்னி போய்ப் பாருங்கள்.

ஓடிடியில் நாலே வாரத்தில் வந்துவிடுகிறதே, தியேட்டருக்கு எதற்குச் செலவு?
— வாசகி, ஆனையூர்

செலவு நிஜம்தான் தங்கச்சி. நாலு பேர் குடும்பம் போனால் பாப்கார்னோடு ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் எல்லாப் படத்துக்கும் போக வேண்டாம். சண்டைப் படத்தை வீட்டில் பாருங்கள், மெதுவாகப் போகிற படத்துக்குத் தியேட்டர் போங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘கொட்டுக்காளி’யை வீட்டில் பார்த்த என் சிநேகிதர் அரைமணி நேரத்தில் போனை எடுத்துவிட்டார், அடுப்படியில் குக்கர் விசில், தெருவில் காய்கறி வண்டி. அந்தப் படத்துக்கு அமைதி வேண்டும். அமைதி நம்ம வீட்டில் கிடைப்பதில்லை.

‘கொட்டுக்காளி’ இயக்குநரின் முதல் படம் ‘கூழாங்கல்’ என்கிறார்களே, அதையும் பார்க்க வேண்டுமா?
— வாசகர், அரிட்டாபட்டி

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். உங்கள் பாறையும் உங்கள் வெயிலும்தான் அந்தப் படம். குடித்துவிட்டு வந்த அப்பன், கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பெண்டாட்டியைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது பஸ்ஸுக்கு இருந்த நோட்டைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். 13 கிலோமீட்டர், கொதிக்கிற தரையில் இரண்டு பேரும் நடக்கிறார்கள். தாகத்துக்கு வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்கிறான் பையன். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து வைக்கிற இடத்தில் ஏற்கெனவே கூழாங்கற்கள் இருக்கின்றன. இந்தப் பிள்ளை இதற்கு முன்னால் எத்தனை தடவை இப்படி நடந்திருக்கிறான் என்பதை அப்போது கண்டுபிடிக்கிறோம். அதை ஒரு வார்த்தையில்கூடச் சொல்லவில்லை.

2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, ஆஸ்கருக்கும் இந்தியாவின் சார்பில் போனது. உங்கள் ஊர்ப் பொட்டலை உலகம் பார்த்துவிட்டது, நம்மில் பாதிப் பேர் பார்க்கவில்லை. 2023 அக்டோபரில் சோனி லிவ் தளத்தில் வெளியிட்டார்கள். 75 நிமிடம்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு பாருங்கள். காற்றும் காலடியும் கேட்க வேண்டும். வீட்டுப் பையன்களையும் உட்கார வையுங்கள். அந்த வேலு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் படம் நம்மைவிடச் சீக்கிரம் புரிகிறது.